சொல் விளக்கம்: சுப்பர்வைசிங் அற்றோணி

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஐயா இருக்கிறார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு கடதாசியோடு வந்தார். அவருடைய தங்கச்சியின் மகள் அமெரிக்காவில் சட்டம் படித்தவர். வங்கிகளை ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனம் ஒன்றில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. குடும்பத்தார் பத்திரிகையில் வாழ்த்து விளம்பரம் போட விரும்பினார்கள். பதவியின் பெயர் 'சுப்பர்வைசிங் அற்றோணி' (supervising attorney). அச்சகத்தில் யாரோ அதை 'வங்கி மேற்பார்வைச் சட்டத்தரணி' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐயா அதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இவ எந்த வங்கியைப் பாக்கிறா?"

மொழிபெயர்ப்பு எங்கே பிழைத்தது என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. அந்தப் பிள்ளை பார்ப்பது வங்கியை அல்ல, மற்றச் சட்டத்தரணிகளின் வேலையை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். இதை நின்ற நிலையில் தீர்த்து அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த நாள் வரச் சொன்னேன்.

முதலில் 'அற்றோணி'. திருகோணமலையில் இந்தச் சொல் தெரியாத வீடு குறைவு. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன், நிலாவெளிக் காணியைப் பார்க்கவோ விற்கவோ தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அற்றோணித் தத்துவம். இங்கே 'தத்துவம்' என்றால் மெய்யியல் இல்லை, அதிகாரம். அந்தத் தம்பி சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. அண்ணனின் இடத்தில் நின்று கையெழுத்துப் போட நியமிக்கப்பட்டவர், அவ்வளவுதான். பழைய பிரெஞ்சில் 'அத்தோர்னே' என்றால் நியமிக்கப்பட்டவர் என்று பொருள். ஒருவர் பக்கம் திருப்பிவிடுவது, அவரிடம் ஒப்படைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. ஆகவே எங்கள் காணிப் பத்திரத்தில் வரும் அற்றோணிதான் வேரின் பொருளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் ஒருவருக்காக நிற்க நியமிக்கப்பட்டவரும் அதே பெயரைப் பெற்றார். அமெரிக்காவில் அந்த இரண்டாவது பொருள் பெருகி, இன்று சட்டத் தொழில் செய்யும் எல்லாரையும் பொதுவாகக் குறிக்கிறது.

இலங்கையில் சட்டத் தொழில் செய்பவர்களுக்கு முன்பு வேறு சொற்கள் இருந்தன. மேல்மட்ட நீதிமன்றங்களில் வாதாடியவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கைத் தயாரித்தவர் பிரக்கிராசி. உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதியவர் நொத்தாரிசு. எல்லாம் ஐரோப்பியர் காலத்தில் கரையேறிய சொற்கள். 'கந்தோர்' ஒல்லாந்தச் சொல் என்பதை மறந்து நாங்கள் எப்படிப் புழங்குகிறோமோ, அப்படித்தான் அப்புச்சி காலத்து ஆட்கள் 'பிரக்கிராசி வீடு' என்று சொன்னார்கள். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவை நீக்கி இரண்டையும் ஒரே தொழிலாக்கியது. அந்த ஒரே தொழிலுக்கு நிலைத்த பெயர் சட்டத்தரணி. தமிழ்நாட்டில் வழக்கறிஞர், வழக்குரைஞர். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் வழக்கே இல்லாமல் கோப்பும் வரைவுமாக இருக்கும் வேலைக்கு, 'வழக்கு' என்ற சொல்லைச் சுமக்காத சட்டத்தரணி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இனி 'சுப்பர்வைசிங்'. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. லத்தீனில் 'சூப்பர்' மேலே, 'விதேரே' பார்த்தல். மேற்பார்வை என்ற தமிழ்ச்சொல் அதே மாதிரித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் முதல் கட்டட வேலைத்தலத்து மேற்பார்வையாளர் வரை எல்லாருக்கும் அது பொருந்தும். வங்கித் துறையில் மட்டும் பொருந்தாது. ஏனென்றால் அங்கே மேற்பார்வை என்பது ஏற்கெனவே ஒரு தனித் தொழிலின் பெயர். இலங்கை மத்திய வங்கியில் வங்கி மேற்பார்வைத் திணைக்களம் என்றே ஒன்று உண்டு. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அதன் அலுவலர்கள் வங்கிகளின் புத்தகங்களைப் பார்ப்பார்கள், மூலதனம் போதுமா, கடன்கள் திரும்பி வருமா என்று சோதிப்பார்கள். எங்கள் ஊரிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் இந்தச் சொல் இங்கே புதிதுமில்லை. 'வங்கி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'மேற்பார்வை' வந்தால் வாசிப்பவர் மனம் நேரே அங்கேதான் போகும். ஐயாவின் மனமும் அங்கேதான் போனது.

அமெரிக்காவிலும் இந்த இரண்டு வேலையும் தனித்தனி. அங்கே வங்கிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒரே இடத்தில் இல்லை. 1863 இல் தொடங்கிய நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், 1913 இல் சட்டமான சமஷ்டி ஒதுக்கம் (Federal Reserve, அமெரிக்காவின் மத்திய வங்கி), 1933 இல் வந்த சமஷ்டி வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் என்று பலவாகப் பிரிந்திருக்கிறது. (எங்கள் மத்திய வங்கி 1950 இல் தொடங்கியபோது முதல் ஆளுநராக இருந்த ஜோன் எக்ஸ்டர் அந்தச் சமஷ்டி ஒதுக்கத்திலிருந்து வந்தவர்தான்.) வங்கிக்குள் போய்ப் புத்தகம் பார்ப்பவர்கள் பரிசோதகர்கள். அவர்கள் கண்ட பிழை பாரதூரமானது என்றால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகும். அங்கே சட்டத்தரணிகள் சாட்சியம் திரட்டி, குற்றச்சாட்டு அறிவித்தல் வரைந்து, வங்கியோடு இணக்கம் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் நிருவாகச் சட்ட நீதிபதி முன் வாதாடுவார்கள். ஒரு செயலை நிறுத்தும்படி கட்டளை, பணத் தண்டம், ஒருவரை வங்கித் தொழிலிலிருந்தே விலக்கும் தடை ஆகியவை அவர்கள் கையிலிருக்கும் ஆயுதங்கள்.

2016 செப்டெம்பரில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறந்ததற்காக 18 கோடி 50 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது பலருக்கு நினைவிருக்கும். விடயம் அதோடு முடியவில்லை. 2020 இல் அந்த வங்கியின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி தன் சொந்தப் பணத்தில் 1 கோடி 75 இலட்சம் டொலர் தண்டம் கட்டவும், இனி எந்த வங்கியிலும் பணியாற்றாமல் இருக்கவும் ஒப்புக்கொண்டார். இப்படியான கோப்பு ஒன்றுக்குப் பின்னால் பல சட்டத்தரணிகளின் வேலை இருக்கும். யாருக்கு எந்தக் கோப்பு என்று பிரித்துக் கொடுப்பவர், வரைவைத் திருத்துபவர், இந்தச் சாட்சியம் போதாது என்று திருப்பி அனுப்புபவர், இணங்கலாமா வழக்காடலாமா என்று மேலிடத்துக்குப் பரிந்துரைப்பவர் ஒருவர் வேண்டும். அவர்தான் சுப்பர்வைசிங் அற்றோணி.

இன்னொன்று முக்கியம். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 1983 இல் ஏற்றுக்கொண்ட மாதிரித் தொழில் ஒழுக்க விதிகளில் 5.1 ஆம் விதி இந்த நிலையைத் தனியே எடுத்துப் பேசுகிறது. கீழே வேலை செய்பவர் ஒழுக்க விதியை மீறும்படி இவரே பணித்தாலோ, மீறலைத் தெரிந்தும் ஏற்றுக்கொண்டாலோ, தெரிந்தும் அதன் விளைவைத் தடுக்கக்கூடிய நேரத்தில் தடுக்காமல் விட்டாலோ, பிழை இவர் தலையிலும் விழும். அதாவது மேலிருந்து பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. பதில் சொல்லவும் வேண்டும்.

அப்படியானால் தமிழில் என்ன? என் நினைவுக்கு முதலில் வந்தது கண்காணி. கண், காணி என்று பிரித்தால் அழகாக நிற்கும் பழஞ்சொல். திருமந்திரத்தில் கண்காணி இல்லையென்று நினைத்துக் களவு செய்வோரைப் பற்றி ஒரு பாட்டே உண்டு. வங்கி விடயத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனாலும் அதை எடுக்க முடியாது. மலையகத் தோட்டங்களில் அது கங்காணியாகி, கூலியிலும் கடனிலும் தொழிலாளரைக் கட்டிவைத்த ஒருவரின் பெயராயிற்று. அந்த வலி சொல்லோடு ஒட்டியிருக்கிறது. கண்காணிப்பு என்றால் இன்றைக்குச் சந்தியில் பூட்டியிருக்கும் கமராவும் நினைவுக்கு வரும்.

சிரேஷ்ட சட்டத்தரணி என்று சிலர் எழுதுவார்கள். அது மூப்பைச் சொல்லும் சொல். ஒருவர் மிகச் சிரேஷ்டராக இருந்தும் தனியாகவே வேலை செய்யலாம்.

நான் எடுத்த சொல் 'பொறுப்புச் சட்டத்தரணி'. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி யார் என்று மூதூரிலும் கிண்ணியாவிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிலையத்தில் யார் என்ன செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த அர்த்தம் அப்படியே இங்கே வந்து உட்காருகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே பதவிப் பெயருக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று போட்டால், இன்னொருவரின் இடத்தைத் தற்காலிகமாகப் பார்ப்பவர் என்று பொருளாகிவிடும். எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தற்காலிகம் என்றால் நாங்கள் 'பதில்' என்போம், பதில் நீதிவான் மாதிரி. அங்கே எழுதுவதென்றால் வழக்கறிஞர் குழுத் தலைவர் என்று விரித்து எழுதலாம்.

மிச்சமிருந்தது அந்தப் பிள்ளை வேலை செய்யும் பிரிவின் பெயர், 'என்போர்ஸ்மென்ற்' (enforcement). இதற்கு அமுலாக்கம் என்று எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டில் அமலாக்கம். 'அமல்' அரபிச் சொல், செயல் என்று பொருள். ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு அது சரி. ஆனால் மூலச் சொல்லின் உள்ளே லத்தீனின் 'போர்ட்டிஸ்' இருக்கிறது, வலிமை என்று பொருள். விதியை மீறியவரை விதிக்குக் கீழ்ப்படியச் செய்யும் வலு அது. ஆகவே வலுவுறுத்தல் என்றே எழுதினேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஐயா வந்தார். 'அமெரிக்க அரசின் வங்கி ஒழுங்குவிதி வலுவுறுத்தற் பிரிவில் பொறுப்புச் சட்டத்தரணியாக உயர்வு பெற்ற எங்கள் மகளுக்கு' என்று எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப இவக்குக் கீழ எத்தினை சட்டத்தரணி தம்பி?"

எனக்கும் தெரியாது, கேட்டுப் பாருங்கள் என்றேன். அன்றிரவே தங்கச்சிக்குப் போன் எடுத்திருக்கிறார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆறு பேராம்" என்றார்.