முதல் ஸ்கூட்டர்: மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் என்ன நடக்கிறது?

பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று பேச்செடுத்ததுமே எல்லோரும் கேட்பது "எத்தனை சி.சி.?" என்றுதான். அப்புறம் நிறம், மைலேஜ். ஆனால் புதிதாக ஓட்டுபவர் திணறும் இடங்கள் வேறு. வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது, கிளம்பும்போது, மெதுவாகத் திரும்பும்போது, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது. இந்த நான்கு இடங்களிலும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் சரியான தேர்வு. அதற்கு வண்டிக்குள் நடக்கும் இயற்பியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு சக்கரத்தில் ஒரு வண்டி விழாமல் ஓடுவது எப்படி? சக்கரங்கள் பம்பரம்போல் சுழல்வதால்தான் என்று பலரும் சொல்வார்கள். அது முழு விடை இல்லை. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பம்பர விளைவு ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும்படி எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களைப் பொருத்தி ஒரு சோதனைச் சைக்கிளைச் செய்தார்கள். தள்ளிவிட்டதும் அது ஆள் இல்லாமலேயே நிமிர்ந்து ஓடியது. அடிப்படை விஷயம் இதுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன் சக்கரம் திரும்பினால், சக்கரங்கள் மறுபடி எடைக்கு நேர்கீழே வந்துவிடும். ஓரளவு வேகத்தில் இந்தத் திருத்தத்தில் பெரும்பங்கை வண்டியே செய்துகொள்கிறது. நடைவேகத்தில் அது நடக்காது. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் பெரிதாகத் திருப்பி ஓட்டுபவரேதான் சமாளிக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளை முதல் நாட்களில் ஓட்டுவதோ பெரும்பாலும் இந்த வேகத்தில்தான்.

அதனால் முதலில் எடையைப் பார்ப்போம். 105 கிலோ எடையுள்ள ஸ்கூட்டர் நேராக நிற்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒரு விரல் போதும். சாயத் தொடங்கினால் கதை மாறிவிடும். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், நாம் பிடிக்கும் ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், 10 டிகிரி சாய்வில் கைகள் தாங்க வேண்டியது சுமார் 9 கிலோ. 20 டிகிரியில் 18 கிலோ. 30 டிகிரியில் 26 கிலோ. வண்டி கையை மீறிப் போவது இப்படித்தான். கடையில் சீட்டில் உட்கார வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வட்டம் வரச் சொல்லுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடச் சொல்லுங்கள். உங்கள் பக்கமாக ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு, கொஞ்சம் சாய்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள். அதில் முகம் சுருங்கினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

சீட்டின் உயரமும் இதோடு சேர்ந்ததுதான். பல ஸ்கூட்டர்களின் சீட் 740 முதல் 780 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, அதே உயரத்திலும் கால் எட்டாமல் போகும். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிகிறதா என்று குனிந்து குதிகாலைப் பாருங்கள். குதிகால் தூக்கி நின்றால், வண்டி சாயும் முதல் சில டிகிரிகளில் தடுக்கக் காலுக்குப் பிடிமானம் இருக்காது.

அடுத்தது கிளம்பும் நேரம். கியர் ஸ்கூட்டரை இங்கே விட்டுவிடுகிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டரை எளிது என்கிறோம், எளிதுதான். ஆனால் அதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி ஒரு பெல்ட் வழியாகப் பின்பக்கம் போகிறது. அங்கே ஒரு கிண்ணம் போன்ற டிரம்முக்குள் ஸ்பிரிங் இழுத்துப் பிடித்த கிளட்ச் ஷூக்கள் சுழன்றுகொண்டிருக்கும். வேகம் கூடக் கூட அவை வெளியே விரிந்து டிரம்மைப் பற்றும். பற்றிய பிறகுதான் சக்கரம் சுற்றும். அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் ஒரு கணம் எதுவுமே நடக்காது, சத்தம் மட்டும் கூடும். புதியவர், வண்டி நகரவில்லையே என்று இன்னும் முறுக்குவார். அந்த நேரம் பார்த்து கிளட்ச் பற்றிவிடும், வண்டி பாயும்.

இதன் பின்விளைவுதான் உண்மையில் ஆபத்தானது. வண்டி முன்னே பாயும்போது உடம்பு பின்னே சாய்கிறது. விழாமலிருக்க கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பற்றுகின்றன. உடம்பு பின்னே போகப் போக வலது மணிக்கட்டு கீழே இறங்குகிறது. மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்கிறது. வண்டி மேலும் பாய்கிறது, உடம்பு மேலும் சாய்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் புரிவதற்குள் எதிரே சுவர் வந்துவிடும். கியர் பைக்கில் இடது லிவரை இறுக்கினால் இன்ஜின் துண்டிக்கப்படும். ஸ்கூட்டரில் அந்த இடத்தில் இருப்பது பின் பிரேக். இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்க ஆக்சிலரேட்டரை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே முதல் பாடம் கிளம்புவது அல்ல, மூடுவது. மணிக்கட்டைத் தட்டையாக வைத்துப் பிடிக்கவும், பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கிளம்பவும் பழக்க வேண்டும்.

இந்தப் பற்றும் தருணம் வண்டிக்கு வண்டி மாறும். ஒரே சி.சி. உள்ள இரண்டு ஸ்கூட்டர்களில் ஒன்று வழுக்கிக்கொண்டு கிளம்பும், இன்னொன்று வெடுக்கென்று இழுக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், காகிதத்தில் தெரியாது. பழைய வண்டியில் கிளட்ச் தேய்ந்திருந்தால் கிளம்பும்போது அதிரும். பெரியவர்கள் பழகிப்போய் அதைக் கவனிப்பதில்லை. கற்றுக்கொள்பவருக்கு அது நம்பிக்கையையே குலைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை மூடி வேகம் குறைந்துகொண்டே வரும்போது, ஒரு கட்டத்தில் கிளட்ச் விட்டுவிடும். அதுவரை வண்டியைப் பின்னிழுத்த இன்ஜின் திடீரென்று இல்லாமல் போகும், வண்டி லேசாக ஓடுவதுபோல் இருக்கும். மெதுவாகத் திரும்பும் நேரத்தில் இது நடந்தால் பிள்ளை பதறும். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

மின்சார ஸ்கூட்டரில் பெரும்பாலும் இந்தக் கிளட்ச் கிடையாது. மோட்டார், நிற்கும் நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தரக்கூடியது. அதை எவ்வளவு மென்மையாக வெளிவிடுவது என்பது கட்டுப்பாட்டு மென்பொருளின் கையில் இருக்கிறது. அதனால் வேகத்தையும் பாய்ச்சலையும் குறைக்கும் மோட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சத்தமே இல்லாததால், வண்டி ஆன் ஆகியிருப்பது தெரியாமல் தள்ளும்போது ஆக்சிலரேட்டரைத் திருகிவிடுவதும் நடக்கும். பேட்டரி கால்வைக்கும் தளத்துக்கடியில் இருந்தால் எடை தாழ்வாக இருக்கும், நல்லது.

சரி, பிரேக்குக்கு வருவோம். ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்றும், வண்டி நன்றாகவே வேகம் குறையும் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிற்கச் சுமார் 15 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் சுமார் 45 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரமோ மூன்று மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் காரணம். சி.சி. கூடினால் இந்த எண்கள்தான் கூடுகின்றன, கற்றுக்கொள்பவரின் திறமை அல்ல.

பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது. நிற்கும்போது முன் சக்கரம் 40 சதவீத எடையைத் தாங்குகிறது என்றால், அழுத்திப் பிடிக்கும்போது அது 65 சதவீதத்தைத் தாண்டும். அதே அளவு பின் சக்கரம் லேசாகிறது, எளிதாக வழுக்குகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிறுத்தும் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே கண்டது: ஆபத்தில் ஓட்டுநர்கள் பின் பிரேக்கை மிதமிஞ்சி அழுத்தி வழுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

இதற்குத்தான் சி.பி.எஸ். எனும் இணைப்பு பிரேக். இடது லிவரைப் பிடித்தால் முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கு போகும். ஏ.பி.எஸ். இதைவிட மேல். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, அழுத்தத்தை விநாடிக்குப் பல முறை விட்டுவிட்டுக் கொடுக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். அதற்காக 10 சி.சி. குறைந்தால் எந்த நஷ்டமும் இல்லை. பிள்ளையின் கையையும் பாருங்கள். விரல்களின் நடு மூட்டு லிவரை எட்ட வேண்டும், நுனி மட்டும் எட்டினால் அழுத்த பலம் போதாது.

சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் குறைவாக விழும். 5 சென்டிமீட்டர் மேட்டை 10 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 40 டிகிரி கோணத்தில் முட்டும், 16 அங்குலச் சக்கரம் 35 டிகிரியில். 10க்கும் 12க்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பழைய வண்டியில் சக்கர அளவைவிட டயரின் வயது முக்கியம். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தடம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருந்தால் ஈரத்தில் பிடிப்பு இருக்காது.

ஹெல்மெட் செலவை வண்டி விலையிலேயே சேர்த்துவிடுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது.

உரிமமும் கிடைத்து வண்டியும் வந்த பிறகு நண்பர்கள் பின்னால் ஏறத் துடிப்பார்கள். 60 கிலோ ஆள் ஏறினால் அந்த எடை பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மேலே, உயரத்தில் போய் உட்காரும். மெதுவாகத் திரும்பும்போது அந்த ஆள் தன் போக்கில் சாய்வார். நிறுத்தும்போது பிள்ளையின் கால்கள் தாங்க வேண்டிய சாய்வும் கூடும். அதுவரை பழகிய கிளம்பலும் பிரேக்கும் அந்த நிமிடத்தில் வேறு வண்டியினுடையதாகிவிடும். முதல் சில மாதங்களுக்குப் பின் சீட் காலியாகவே இருக்கட்டும். பிறகு யாராவது ஏறுவதானால், முதலில் ஏறுபவர் நீங்களாக இருங்கள், சாலையில் அல்ல, காலி மைதானத்தில்.