பச்சைச் சீழுக்கு ஊசி உண்டா?

"ஒரு ஊசியப் போட்டா பச்சைச் சீழ் வைக்காதாமே டாக்டரம்மா, நம்ம ஊருக்கு எப்ப வரும்?" தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது இதை அடிக்கடி கேட்கிறார்கள். சாயல்குடி பக்கம் பதநீர் காய்ச்சுகையில் பாகு தெறித்துக் கை வெந்தவர்கள், கரிமூட்டம் பிரிக்கும்போது அடியில் கனன்ற நெருப்பில் கால் வைத்தவர்கள், படகு எஞ்சின் சூட்டில் வெந்தவர்கள் என்று இந்தக் கடலோரத்தில் தீப்புண் பல வழியில் வருகிறது. அப்படி ஓர் ஊசி இன்னும் வரவில்லை.

நாலாம் நாள் கட்டைப் பிரித்தால் துணியில் நீலமும் பச்சையுமாகக் கறை, கூடவே பழம் அழுகியது போல இனிப்பு வாடை. பெரும்பாலும் அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரம்தான் அதற்கு வீடு: வாளி, கை கழுவும் தொட்டி, மூடாத தண்ணீர் டிரம். வெந்த தோலில் ரத்த ஓட்டம் செத்துப் போயிருக்கும். உடம்பின் எதிர்ப்பு அணுக்களும் சரி, ஊசியில் ஏற்றும் ஆண்டிபயாடிக்கும் சரி, அங்கே போய்ச் சேராது. போதாக்குறைக்கு இந்தக் கிருமி பல மருந்துகளுக்கு மசிவதில்லை.

தடுப்பூசி தேடியவர்கள் முதலில் சுண்டெலியிடம்தான் போனார்கள். 1975-இல் ஸ்டீரிட்ஸ், ஹோல்டர் இருவரும் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் சிறு தீக்காயம் உண்டாக்கி, அதனடியில் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரண எலி தாங்கிக்கொள்ளும் அளவைவிட மிகக் குறைவான கிருமியே தீக்காயம் பட்ட எலியைக் கொன்றது. அப்புறம் 1982-இல் ஒரு நல்ல துப்பு கிடைத்தது. இந்தக் கிருமி நீந்த ஒரு வால் வைத்திருக்கிறது. வால் இல்லாத வகை அந்த எலிகளிடம் அவ்வளவு வீரியம் காட்டவில்லை. வாலிலிருந்து எடுத்த புரதத்தையே முன்கூட்டித் தடுப்பூசியாகப் போட்டபோது எலிகள் பிழைத்தன.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டில். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் ஜோன்ஸ், ரோ, குப்தா மூவரும் இந்தக் கிருமியின் பல வகைகளைச் சேர்த்துச் செய்த தடுப்பூசியைத் தீக்காய நோயாளிகளுக்குப் போட்டு, இறப்பு குறைந்ததாக 1979-இல் எழுதினார்கள். எனக்கு இது பெரிய நம்பிக்கை தந்த செய்தி.

பிறகு ஏன் கைக்கு வரவில்லை? எலிக்குப் பெரும்பாலும் காயத்துக்கு முன்பே ஊசி போட்டுவிடுகிறார்கள். மனிதர் வெந்த பிறகுதான் வருகிறார். ஊசி வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும், கிருமி அதற்குள் குடியேறிவிடும். எலியின் தோல் சுருங்கி ஆறும், நம் தோல் பெரும்பாலும் புதிதாக வளர்ந்து மூட வேண்டும். கிருமியிலும் ஏகப்பட்ட வகை.

ஆகவே அந்த முதல் வாரம் நம் கையில்தான் இருக்கிறது. குடம் இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊர்களில், வெந்த இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: குடிக்க வைத்த நல்ல தண்ணீரையே சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, பேனா மை, சாம்பல் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள். கட்டு பச்சையானாலோ காய்ச்சல் கண்டாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

காயத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி ஒன்று இப்போதே இருக்கிறது. அது ரணஜன்னிக்கான டிடி. தீப்புண் வழியாக ரணஜன்னியும் வரும். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போட்டிருப்பார்கள். மூட்டத்திலும் படகிலும் வேலை செய்யும் ஆண்கள் பலர் பள்ளியில் போட்டதோடு சரி. கடைசியாகப் போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், காசு கிடையாது.