உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் கேபிள்

சர்வர் அறை ரேக்கில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஃபயர்வால்கள், அதாவது நெட்வொர்க்கின் வாயிற்காவலர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கற்றை கற்றையாகக் கேபிள்கள் அவற்றிலிருந்து, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்களுக்குப் போகும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, மேல் பெட்டியிலிருந்து நேராகக் கீழ்ப் பெட்டிக்கு ஒரு முழ நீளக் கேபிள் ஒன்று தொங்கும். அதில் யாருடைய மின்னஞ்சலும் போவதில்லை, எந்த வீடியோவும் போவதில்லை. ஆனாலும் அங்கே இருப்பதிலேயே முக்கியமான கேபிள் அதுதான். அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று புரிந்துகொண்டால், மற்ற கேபிள்களை எங்கே செருகுவது என்பது பாதி விளங்கிவிடும்.

பெரும்பாலான ஜோடிகளில் ஒரு பெட்டிதான் வேலை செய்யும். அது ஆக்டிவ். மற்றது ஸ்டாண்ட்பை, முதல் பெட்டி படுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வரக் காத்திருப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் முறையும் உண்டு. ஆனால் ஒன்று போனால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும். இரண்டும் எழுபது சதவீதச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தால், மிஞ்சிய ஒன்று அதைத் தாங்காது.

ரூட்டர் என்றால் இடத்தை மாற்றிக்கொள்வது எளிது. வருகிற பேக்கெட்டை, அதாவது தரவுத் துண்டைப் பார்த்து வழி சொல்லி அனுப்பினால் போதும். ஃபயர்வாலுக்கு ஞாபகம் வேண்டும். உள்ளேயிருந்து ஒரு கணினி வெளியே தொடர்பு தொடங்கும்போது, யார், எந்தப் போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் துளை அல்ல, மென்பொருளின் வாசல் எண்), யாரிடம், எந்தப் போர்ட்டுக்கு, எந்த நெறிமுறையில் பேசுகிறார்கள் என்று ஃபயர்வால் தன் செஷன் அட்டவணையில், அதாவது நடக்கும் உரையாடல்களின் பட்டியலில், குறித்துக்கொள்கிறது. பதில் பேக்கெட் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. குறிப்பே இல்லாத பதில் வந்தால் வாசலிலேயே தடுத்துவிடும். ஆகவே அட்டவணை கையில் இல்லாமல் ஸ்டாண்ட்பை பதவியேற்றால், பாதியில் இருக்கும் உரையாடல்கள் எல்லாம் அதன் கண்ணுக்கு அந்நியர்கள்தான்.

இதனால் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒன்று ஹார்ட்பீட்: 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' என்று விநாடிக்கு ஒன்றோ பலவோ போய்வரும் சின்னஞ்சிறு செய்தி. இன்னொன்று செஷன் அட்டவணையின் நகல். முன்னது அளவில் துளி, ஆனால் நேரம் தவறக் கூடாது. பின்னது வெள்ளமாகப் பாயும், கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை. இரண்டையும் ஒரே கேபிளில் திணித்தால், நெரிசல் நேரத்தில் நகல் வெள்ளத்தில் ஹார்ட்பீட் மூழ்கிவிடலாம். நலமாக இருக்கும் பெட்டி செத்ததாகக் கணக்காகிவிடும். அதனால்தான் பாலோ ஆல்டோ என்ற ஃபயர்வால் நிறுவனம் எச்ஏ1, எச்ஏ2 என்று இரண்டு தனிப் போர்ட்கள் வைத்திருக்கிறது. ஜூனிப்பர் நிறுவனத்தின் எஸ்ஆர்எக்ஸ் வரிசையில் கண்ட்ரோல் லிங்க், ஃபேப்ரிக் லிங்க் என்று பெயர்.

பதவி மாறும்போது முகவரியும் கைமாற வேண்டும். இதற்கான பொதுவான உத்தியை 1998-இல் வெளிவந்த விஆர்ஆர்பி நெறிமுறையில் தெளிவாகப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கணினிகளுக்குத் தெரிந்த ஐபி முகவரி எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை. ஆக்டிவாக இருப்பவர் எவரோ அவர் அதை அணிந்துகொள்வார். இயல்பான அமைப்பில் விநாடிக்கு ஒரு முறை அறிவிப்பு வரும். மூன்று அறிவிப்பு தவறிய பிறகும் ஒரு சிறு இடைவெளி விட்டு, சுமார் 3.6 விநாடியில் காத்திருந்தவர் எழுந்துகொள்வார். ஒரே நெட்வொர்க்குக்குள் ஸ்விட்ச் ஆளை அடையாளம் காணும் மேக் முகவரியும் இப்படிப் பொதுவானதுதான்: ஆறு பைட்டில் முதல் ஐந்து எல்லோருக்கும் ஒன்றே, கடைசி பைட் மட்டும் குழு எண். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு தனித்தனி ஜோடிகளுக்கு மறதியாக ஒரே குழு எண் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி வந்துவிடும். ஸ்விட்ச் தலை சுற்றிப்போகும். 2004-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இதே வேலைக்குக் கொண்டுவந்த கார்ப் நெறிமுறையும் இதே மேக் வரிசையையே பயன்படுத்துவதால், வேறு வேறு நெறிமுறைதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது.

இப்போது அந்த முழ நீளக் கேபிளைப் பிடுங்குவோம்.

ஸ்டாண்ட்பைக்கு ஹார்ட்பீட் நின்றுபோகிறது. எதிர்ப் பெட்டி செத்ததா, நடுவில் கேபிள்தான் அறுந்ததா? அதன் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செத்ததாக முடிவு செய்து தானும் ஆக்டிவ் ஆகிறது. பழையதோ சாகவில்லை. ஒரே ஐபி, ஒரே மேக், இரண்டு பெட்டி. ஸ்விட்ச் அந்த முகவரியை ஒரு கணம் இந்தப் போர்ட்டிலும் மறு கணம் அந்தப் போர்ட்டிலும் கண்டு அல்லாடுகிறது. போன பேக்கெட் ஒரு பெட்டி வழியாகவும் பதில் இன்னொன்றின் வழியாகவும் வந்து தடுக்கப்படுகிறது. ஸ்ப்ளிட் பிரைன் என்பது இதுதான். ஒரு பெட்டி மட்டும் இருந்து அது பழுதாகியிருந்தால்கூட இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

இதை மென்பொருளால் முழுக்கத் தீர்த்துவிட முடியாது. செய்தி தொலைந்துபோகக்கூடிய வழியில் இருவர் உறுதியான உடன்பாட்டுக்கு வரவே முடியாது என்பது 1975-லேயே காட்டப்பட்டது. 1978-இல் கணினி அறிஞர் ஜிம் கிரே அதற்கு இரு தளபதிகள் சிக்கல் என்று பெயர் வைத்தார். மூன்று பேர் இருந்தால் வாக்கெடுத்துப் பெரும்பான்மை பார்க்கலாம். இரண்டு பேரில் பெரும்பான்மை ஏது?

மிஞ்சுவது, செய்தி தொலையும் வாய்ப்பைக் குறைப்பது. அதாவது இரண்டாவது ஹார்ட்பீட் கேபிள். அது உண்மையிலேயே வேறு வழியில் போக வேண்டும். ஒரே நெட்வொர்க் கார்டின் அடுத்தடுத்த போர்ட்களில் செருகி, ஒரே டையால் கட்டி வைத்தால், கார்டு போனாலும் யாராவது இழுத்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பெட்டியை நிர்வகிக்கவென்றே இருக்கும் மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக ஒரு மாற்று ஹார்ட்பீட் விடுவது நல்ல பழக்கம்.

முதல் ஹார்ட்பீட் கேபிளை நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் நேராக மாட்டுவதையே நான் விரும்புவேன். எதிர்ப் பெட்டியின் மின்சாரம் போன அந்தக் கணமே போர்ட் விளக்கு அணைந்து செய்தி சொல்லிவிடும். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஹார்ட்பீட் தவறுவதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு என்பதால், பெட்டிகள் வேறு வேறு கட்டடத்தில் இருந்தால் ஃபைபர்தான்.

இனி ஸ்விட்ச் பக்கம். இரண்டு ஃபயர்வால்களையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகினால் அந்த ஸ்விட்ச்சை நம்பித்தான் எல்லாமே. ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு ஸ்விட்ச் வைத்து, அவற்றையும் தமக்குள் இணைக்க வேண்டும். வெளிப்பக்கமும் அப்படியே. இரண்டு பவர் கார்டுகளும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இருக்கிறதா என்றும் ஒரு முறை குனிந்து பாருங்கள்.

பெட்டி நலம், டேட்டா கேபிள் மட்டும் பழுது என்றால்? ஹார்ட்பீட் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், பதவி மாறாது, ஆனால் யாருக்கும் இணையம் வராது. எந்தெந்தப் போர்ட் அணைந்தால் பதவியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இதையெல்லாம்விட வஞ்சகமான தவறு ஒன்று உண்டு. அமைப்புகள் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு அப்படியே நகலாகின்றன. ஆகவே முதல் பெட்டியின் 3-ஆம் போர்ட் எந்த நெட்வொர்க்கோ, இரண்டாவதன் 3-ஆம் போர்ட்டும் அதே நெட்வொர்க்காக இருக்க வேண்டும். இரண்டாவதில் 3-ஐயும் 4-ஐயும் மாற்றிச் செருகிவிட்டால் இன்று ஒன்றும் தெரியாது, ஸ்டாண்ட்பைதான் பேசுவதே இல்லையே. பதவி மாறும் நாளில்தான் வெட்ட வெளிச்சமாகும். பேக்கெட்கள் ஸ்விட்ச்களுக்குள் வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஏற்பாடும் இப்படித்தான் பதுங்கியிருக்கும்: புதிதாக உயிர்பெறும் போர்ட்டைப் பழைய ஸ்விட்ச் அமைப்பு 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன் பிறகே திறக்கும். ஃபயர்வால் நான்கு விநாடியில் தயாராகியும் ஸ்விட்ச்சால் அரை நிமிடம் போய்விடும். ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்களுக்குப் போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை வைத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

அதனால் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். திரையில் கட்டளை கொடுத்துப் பதவியை மாற்றுவது சோதனை ஆகாது; அது இருவரும் பேசிவைத்துச் செய்யும் கைமாற்றம். பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்கத் தொடங்கிவிட்டு, ஆக்டிவ் பெட்டியின் பவர் கார்டை உருவுங்கள். தரவிறக்கம் சற்றுத் திக்கித் தொடர்ந்தால் சரி. அது நின்றுபோய், புதிய பக்கங்கள் மட்டும் திறந்தால், ஹார்ட்பீட் போகிறது, செஷன் நகல் போகவில்லை. அந்தக் கேபிளைப் பாருங்கள். புதிய பக்கமும் திறக்காவிட்டால், இரண்டாவது பெட்டியில் எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று முதல் பெட்டியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.