போக்கர்: சொல்லும் ஆட்டமும்

போக்கர் (பெயர்ச்சொல்): 52 சீட்டுக் கட்டில் பணயம் வைத்து ஆடும் ஆட்டம். ஐந்து சீட்டுச் சேர்க்கையில் யாருடையது உசத்தியோ அவருக்கு வெற்றி. மற்ற எல்லாரும் பயந்து ஒதுங்கிவிட்டால், மிஞ்சியவர் வெறுங்கையோடு இருந்தாலும் வெற்றி அவருக்குத்தான்.

இந்த இரண்டாவது வழிதான் பெயரிலேயே இருக்கிறது. ஜெர்மானியரின் பழைய சீட்டாட்டம் ஒன்றுக்குப் ‘பொஹன்’ என்று பெயர். தட்டுவது, வீறாப்புக் காட்டுவது என்று பொருள். அதன் பிரெஞ்சு உறவு ‘போக்’. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் போக்கராகி, மிசிசிப்பி நீராவிப் படகுகளில் ஊர் ஊராகப் போனது என்பதே பரவலான கருத்து. ஆக, இதுவும் ஒரு டெல்டாக்காரர் ஆட்டம்தான்! அப்போது கட்டில் 20 சீட்டுதான்.

இன்று அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் மற்றவர் வைத்த பணயத்துக்கு ஈடு கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம்.

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் ஓரிடத்தில் வழுக்குவார்கள். அங்கே வரிசை (அடுத்தடுத்த மதிப்புள்ள சீட்டுகள்) கலரை (ஒரே சின்னச் சீட்டுகள்) அடிக்கும். போக்கரில் கலர்தான் வரிசையை அடிக்கும். அரிதானதற்கே மதிப்பு என்பதுதான் காரணம். மூன்று சீட்டில் வெறும் வரிசை 720 விதமாக அமையும், கலர் 1,096 விதம். ஐந்து சீட்டில் தலைகீழ்: கலர் 5,108, வரிசை 10,200.

தமிழில் என்ன சொல்லலாம்? பெயரைப் போக்கர் என்றே விடலாம். ‘சூது’ பணய ஆட்டம் எல்லாவற்றுக்கும் பொது. குறளின் 94ஆம் அதிகாரமே அதுதான். சீட்டில் ஒரு சின்னத்தைக் கிளாவர் என்று டச்சுச் சொல்லால் நாகப்பட்டினத்துக்காரர் கூசாமல் சொல்கிறாரே (1658 முதல் 1781 வரை அந்த ஊரே டச்சுக்காரர் கையில்), போக்கர் மட்டும் உறுத்துமா? உள்ளே இருக்கும் சொற்களுக்குத்தான் தமிழ் வேண்டும். ஸ்டேக் என்பது பணயம். ஃபோல்டு என்பது கவிழ்த்தல். ரம்மிக்காரர்களின் ‘ஸ்கூட்’டும் அதுதான். வெறுங்கையை மறைத்து வீறாப்புக் காட்டும் ப்ளஃப்புக்குப் பாவ்லாவை விடப் பொருத்தமான சொல் கிடையாது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆட்டம் பழகப் புளியங்கொட்டை போதும்.

பயன்பாடு: “கையில ஒரு ஜோடிகூட இல்ல, கடைசி வரைக்கும் ஏத்திக்கிட்டே போனான். சரியான பாவ்லா!”