குழந்தையின் பெயர் எங்கே போகிறது?

தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செல்லும் இடமெல்லாம் முதலில் வரும் கேள்வி, "செயற்கை நுண்ணறிவில் எந்தச் செயலி நல்லது?" உங்கள் ஆசிரியர்கள் இப்போது எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. ஆனால் ஆசிரியர் அறையில் சாட்ஜிபிடி நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வினாத்தாளும் பாடக்குறிப்பும் தயாரிக்க அது உதவுகிறது என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். முன்னேற்ற அறிக்கையில் நாலு வரி எழுதுவதற்காக மாணவரின் பெயர், மதிப்பெண், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் அதில் ஒட்டுவதுதான் என்னை உறுத்துகிறது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகளே. பிளஸ் டூ மாணவரும் அதில் அடக்கம். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சட்டம் அடிப்படையாக்குகிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றைக் காட்டி, மதிப்பெண் பட்டியலை வெளி நிறுவனத்தின் செயலியில் ஏற்றுவதை நியாயப்படுத்தக் கூடாது.

ஒப்புதல் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரில் ஒரு பள்ளி, 22 மாணவர்களின் வருகையை முகமறியும் கருவியால் பதிவு செய்து பார்த்தது. ஒப்புதல் பெற்றுத்தான் செய்தார்கள். ஆனாலும் 2019-இல் 2 லட்சம் சுவீடன் குரோனா அபராதம் விழுந்தது. பள்ளியின் அதிகாரத்துக்குக் கீழே இருப்பவர்கள் தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாக ஏற்க முடியாது என்றது தரவுப் பாதுகாப்பு ஆணையம். நம் ஊரில் எந்தப் பெற்றோர் பள்ளி நீட்டும் தாளில் கையெழுத்திட மறுப்பார்?

இதைவிடவும் என்னைக் கலங்கவைப்பது, "இயந்திரம் எழுதியதா?" என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மாணவரைத் தண்டிப்பது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதியது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அக்கருவிகள் இயந்திரம் எழுதியதாகச் சொல்லின. எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில் எழுதுவதுதான் அந்த மாணவர்கள் செய்த குற்றம். நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படித்தானே இருக்கும்?

சந்தேகம் வந்தால் மாணவரை அழைத்து, எழுதியதை விளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து எந்தப் பெற்றோரையும் பள்ளிக்கு வரவழைக்காதீர்கள்.

புதிய செயலியை விற்க வருபவரிடம், ஒப்பந்தம் முடிந்ததும் தரவு எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் வாங்காதீர்கள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், யார் எந்தச் செயலியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அச்சமின்றிச் சொல்ல இடம் கொடுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் பள்ளிக்கான விதிகளை எழுதத் தொடங்க முடியும்.