சூடான மெழுகில் தண்ணீர் தெளிக்காதீர்கள்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நம் கை தானாகத் தண்ணீரைத் தெளிக்கும். போன சித்திரையில் என் மெழுகு ஓவிய (என்காஸ்டிக்) ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு அக்கா அதையேதான் செய்தார். ஆனால் அன்று கல்லின் மேல் உருகிக் கிடந்தது தேன்மெழுகு. துளி பட்டதும் படபடவென்று தெறித்தது. நல்லவேளை, முழுக்கைப் பருத்திச் சட்டை அவரைக் காப்பாற்றியது. தவறு என்னுடையது. கல்லின் சூடு 100 டிகிரியைத் தாண்டியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

என்காஸ்டிக் என்பது தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், நிறம் மூன்றையும் உருக்கிப் பலகையில் தீட்டுவது. ஒவ்வொரு பூச்சுக்கும் மேலே சூடு காட்டி, கீழே உள்ளதோடு ஒட்டவைக்க வேண்டும். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை இப்படித் தீட்டிய முகங்கள் இன்றும் நிறம் மாறாமல் நம்மைப் பார்க்கின்றன. மதுரைக்காரர்களுக்கு மெழுகு புதிதில்லை, சுங்குடியில் வாக்ஸ் பிரிண்ட் பார்த்திருப்பீர்கள். அங்கே சாயம் ஏறாமல் தடுத்துவிட்டு மெழுகு வெந்நீரில் போய்விடும். இங்கே மெழுகுதான் படம்.

அதனால்தான் சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். 80 முதல் 90 வரை வேலைக்குப் போதும். தண்ணீர் போல அது கொதித்து நமக்குச் சொல்லாது. சூடு ஏற ஏற அமைதியாக இருந்து, திடீரென்று புகையும், அப்புறம் தீப்பிடிக்கும். புகை வந்தால் ‘மெழுகு வேலை என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அளவுக்கு மீறிச் சூடான மெழுகிலிருந்து அக்ரோலின் என்ற வாயு வரும். கண் எரியும், தொண்டை கமறும். முன்பு நான் மாணவனாகப் போன ஒரு வகுப்பில் ஏசி போட்டு ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் பாதிப் பேருக்குத் தலைவலி.

நம் ஊர் வெயிலில் ஜன்னலைத் திறந்து வைக்க மனம் வராதுதான். ஃபேன் போட்டால் மெழுகு தூரிகையிலேயே உறைகிறது என்ற புகாரும் உண்மை. அதனால் மேலே சுற்றும் ஃபேனை நிறுத்திவிட்டு, கல்லுக்குப் பக்கத்து ஜன்னலில் எக்சாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறேன். வகுப்பு காலை 7 மணிக்குத் தொடங்கி 10:30-க்கு முடிந்துவிடும்.

குங்கிலியம் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு சேர்த்தால் படத்துக்கு உறுதி வரும். அது உருக மெழுகைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அந்த வேலையை நான் முந்தின நாளே மொட்டை மாடியில் தனியாக முடித்து, துணியில் வடிகட்டிவிடுவேன். புதிதாகக் கற்பவர் அதைத் தொட வேண்டாம். நிறத்தூளும் அப்படியே, மூச்சில் போகும். ஆயில் பெயின்ட்டை டிஷ்யூ தாளில் பிதுக்கி, எண்ணெய் வடிந்ததும் மெழுகில் கலக்கச் சொல்கிறேன். மெழுகுவத்தியை மட்டும் உருக்கித் தீட்டினால் ஆறி இறுகியதும் பொரிந்து உதிரும்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் உடனே பற்பசை, இங்க், தோசை மாவு என்று கையில் கிடைத்ததைத் தடவுவோம். தயவுசெய்து வேண்டாம். ஒட்டிய மெழுகைப் பிய்க்கவும் கூடாது, தோலும் சேர்ந்து வரும். குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதிலும் ஒரு சிக்கல்: சித்திரை மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அக்காவுக்கு நடந்த பிறகு, வகுப்பு நாளில் விடியற்காலையே இரண்டு வாளி நிரப்பி நிழலில் வைத்துவிடுகிறேன். அந்த வாளி சுட்ட கைக்கு மட்டும்தான். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டை அணைத்துத் தட்டையான மூடியால் மூட வேண்டும். மூடி கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இப்போது முதல் அரை மணி நேரம் என் வகுப்பில் நிறமே கிடையாது. ஆளுக்கு ஆறு அங்குலப் பிளைவுட் துண்டு, வெறும் மெழுகு, சூடான காற்றை ஊதும் ஒரு ஹீட் கன். பூசிய மெழுகு ஈரம் பட்டதுபோல் மினுங்கும் அந்த நொடியில் கையை எடுக்கப் பழகுகிறார்கள். ஒரு நொடி தாமதித்தால் எல்லாம் வழிந்துவிடும். இதை வீடியோவில் பார்த்துப் பிடிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று ‘போதும், எடு தம்பி’ என்று சொல்ல வேண்டும். அந்த அக்கா மறுபடி வந்திருக்கிறார். கல்லில் கிடக்கும் தெர்மாமீட்டரை அவர்தான் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்கிறார்.