"தெரியுமா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போன மாமா

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. மாமாவோடு மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று அந்தச் சாலை நெடுக வைகையும் கூடவே வரும். வரும் என்றால், மணல் வரும். மானாமதுரையில் வண்டி நின்றதும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "மருமகனே, வருசநாட்டு மலையில பொறக்குற இந்த ஆறு எந்த ஊருல போய் கடல்ல சேருது? யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு மணி நேரம். வருசநாடு தெரியும். ஆண்டிபட்டிப் பக்கம் அணை தெரியும். அழகர் இறங்கும் இடம் நன்றாகவே தெரியும், அங்கே கூட்டத்தில் ஒருமுறை தொலைந்தும் போயிருக்கிறேன். கடைசி ஊர் மட்டும் பிடிபடவில்லை. ராமேஸ்வரமா, தொண்டியா? கண்டக்டர் விசிலடித்து வண்டி உருள ஆரம்பித்த பிறகுதான் மாமா படியில் தொற்றி ஏறினார்.

"சேரவே சேராதுடா. ராமநாதபுரம் பெரிய கண்மாயோட சரி."

கூடவே ஒரு கதையும் சொன்னார். கடலைக் கடைந்தபோது வந்த நஞ்சைச் சிவன் குடிக்க வேண்டியதாயிற்று அல்லவா, 'எங்கள் சொக்கனுக்கு நஞ்சு கொடுத்த பாவி' என்று வைகை கடல்மேல் கோபித்துக்கொண்டு அதன் வாசலையே மிதிக்கவில்லையாம். இந்தக் கற்பனை ஒரு பழைய வெண்பாவில் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த ஆண்டு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பாடம்கூட இன்று நினைவில் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் என் இருக்கையின் ரெக்சின் கிழிந்து தேங்காய் நார் வெளியே துருத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. முன்இருக்கையில் ஒரு அம்மா புது மண்பானையை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு எங்கே முடிகிறது என்பது மனதில் நின்றது சரி. அந்தப் பானை ஏன் நின்றது? அதற்கும் அந்த டீக்கும் தொடர்பு உண்டு.

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-இல் ஆர்வத்துக்கு ஒரு விளக்கம் சொன்னார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே உள்ள பள்ளம் கண்ணில் படும்போது ஒரு அரிப்பு உண்டாகிறது, அந்த அரிப்புக்குப் பெயர்தான் ஆர்வம் என்றார். கவனியுங்கள், பள்ளம் இருந்தால் மட்டும் போதாது, கண்ணில் பட வேண்டும். உலகத்தில் எனக்குத் தெரியாத ஆறுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்காக நான் ஒரு இரவும் தூங்காமல் இருந்ததில்லை. வைகையைப் பற்றி முக்கால்வாசி எனக்குத் தெரியும், அதனால்தான் மீதிக் கால்வாசி உறுத்தியது.

இதை 2009-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 40 துணுக்குக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் காட்டி, 'பதில் தெரியும் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறீர்கள், பதிலைத் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசை' என்று கேட்டு, அப்போது மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பதில் நிச்சயமாகத் தெரியும் என்றவர்களுக்கு ஆசை குறைவு. சுத்தமாகத் தெரியாது என்றவர்களுக்கும் குறைவு. 'தெரிந்த மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது' என்று தவித்தவர்களுக்குத்தான் உச்சம். ஆர்வம் கூடிய நேரத்தில் மூளையில் காடேட் என்ற பகுதி சுறுசுறுப்பானது. பரிசு கிடைக்கப்போகிறது என்று காத்திருக்கும்போது வேலை செய்யும் பகுதி அது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக, பதிலைப் பார்க்க ஒரு விலையும் வைத்தார்கள்: சிலர் கையிலிருக்கும் கொஞ்சம் டோக்கன்களில் ஒன்றைக் கொடுக்க வேண்டும், வேறு சிலர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எந்தப் பயனும் இல்லாத ஒரு பதிலுக்காக மனிதர்கள் டோக்கனையும் கொடுத்தார்கள், காத்தும் கிடந்தார்கள்.

மதுரைக்காரனுக்கு இது செய்தியே இல்லை. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா என்று செண்பகப் பாண்டியனுக்கு வந்த ஐயமும் ஒரு துணுக்குக் கேள்விதானே? அதைத் தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொன் என்று கிழியைக் கட்டித் தொங்கவிட்டார். கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரிப்பின் அளவு அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறது. அரசனுக்கு அந்தப் பதிலால் ஒரு வேலி நிலம்கூடக் கூடப்போவதில்லை.

இப்போது பானைக்கு வருகிறேன். 2014-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் குரூபரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். கேள்வி திரையில் வரும். பதில் வர 14 விநாடி ஆகும். அந்தக் காத்திருப்பின் நடுவே, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் முகம் வந்து மறையும். கடைசியில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தேர்வு. ஆர்வத்தைக் கிளப்பிய கேள்விகளின் பதில்களில் சுமார் 71 சதவீதம் நினைவில் இருந்தன. ஆர்வம் கிளப்பாத கேள்விகளில் சுமார் 54 சதவீதம். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அந்த முகங்கள். ஆர்வத்தோடு காத்திருந்த வேளையில் வந்துபோன முகங்களும் மற்ற முகங்களைவிட நன்றாக நினைவிருந்தன, மறுநாள் கேட்டபோதும்.

காரணம் இப்படி. விடைக்காகத் தவிக்கும்போது நடுமூளையில் டோபமின் சுரக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் அதோடு கைகோத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நினைவின் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. கதவு திறந்திருந்தால் விருந்தாளி மட்டுமா வருவார்? பக்கத்து வீட்டுப் பூனையும் வரும். தேங்காய் நாரும் மண்பானையும் அப்படித்தான் எனக்குள் நுழைந்திருக்க வேண்டும். மாமா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்த நேரம் முழுக்க என் கதவு திறந்திருந்தது.

போனில் காலை வணக்கத்தோடு வரும் 'உங்களுக்குத் தெரியுமா?' துணுக்குகள் மத்தியானத்துக்குள் மறந்துபோவது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. கேள்வியும் பதிலும் ஒரே வரியில் வருகின்றன. அரிப்பு வருவதற்கு முன்பே சொறிந்துவிடுகிறார்கள். நம் பாட்டிகள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்று விடுகதை போட்டுவிட்டு, பருப்பு வேகும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். (தேன்கூடு.)

ஆயிரம், மண்டபம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெருமுனை டீக்கடையில் ஆறரை மணிக்கு ஒரு கூட்டம் கூடும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், அதன் ரத்தம் நீலம் என்று ஒருநாள் எடுத்துவிட்டேன். ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால்தான் நீலம் என்று விளக்கமும் சொன்னேன். "அப்படியா" என்று ஒருவர் வடையைப் பிட்டார். அவ்வளவுதான். மறுநாள், "மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல எத்தனை தூண் இருக்கு?" என்று கேட்டேன். கடையே திரும்பியது. "இதென்ன கேள்வி, ஆயிரம்தான்" என்றார் ஒருவர். "அப்படின்னா இவன் ஏன் கேட்கிறான்" என்றார் இன்னொருவர். 985 என்று சொன்னதும் ஒரு அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு, "நாளைக்கே போய் எண்ணிப் பார்க்கிறேன்" என்று கிளம்பினார். மீதி 15 தூணுக்கான இடத்தை உள்ளே உள்ள சிறு சந்நிதிகள் எடுத்துக்கொண்டன என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஆக்டோபஸை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. மண்டபத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எண்ணியதில்லை.

இதையெல்லாம் நாம் ஏன் அடுத்தவருக்குச் சொல்லத் துடிக்கிறோம்? பெருமைக்குத்தான் என்று என் மனைவி சொல்கிறாள், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஜோனா பெர்கரும் கேத்ரின் மில்க்மனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஏறக்குறைய 7,000 கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் பிறருக்கு அதிகம் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். வியப்பூட்டியவை, கோபமூட்டியவை, பதற்றம் தந்தவை நிறையப் போயின. வெறும் சோகம் தந்தவை குறைவாகவே போயின. உடம்பைக் கிளறிவிடும் உணர்ச்சி வாயையும் கிளறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்பவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தால் அது ஒரு வாரம் கழித்தும் நன்றாக நிற்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். எண்பது வயதிலும் மாமா தன் சரக்கில் ஒன்றையும் மறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் சொல்லாமல் விட்ட கல்யாண வீடு கிடையாது.

ஆனால் வாய்க்கு வாய் போகும்போது சரக்கு அப்படியே போவதில்லை. கேம்பிரிட்ஜில் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஒருவருக்குக் கொடுத்து, அவர் நினைவிலிருந்து எழுதியதை அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் எழுதியதை அதற்கடுத்தவருக்கு என்று சங்கிலியாக விட்டார். ஓடங்கள் சாதாரணப் படகுகளாயின. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. புரியாத பகுதிகள் உதிர்ந்துபோயின. கேட்பவர் தனக்குப் பழக்கமான அச்சில் வார்த்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். எண் என்றால் நம் அச்சு ஆயிரம். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர், கிழியில் ஆயிரம் பொன், தேன்கூடு கட்டும் தச்சர்களும் ஆயிரம். 985 என்ற எண் இந்த ஊரில் எத்தனை வாய் தாண்டும்?

இதைவிட மோசமான இன்னொரு விஷயம் இருக்கிறது. 1977-இல் லின் ஹாஷரும் கூட்டாளிகளும் மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, தடவைக்கு 60 துணுக்குச் செய்திகளைக் கொடுத்து, எவ்வளவு நம்பத்தகுந்தது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். சில செய்திகள் மூன்று முறையும் வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்தவற்றுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. முன்பே கேட்ட வாக்கியத்தை மூளை சிரமமில்லாமல் வாசிக்கிறது, அந்தச் சுலபத்தை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. விஷயம் தெரிந்தவர் ஏமாற மாட்டார் என்றுதானே நினைப்போம்? லிசா ஃபேசியோ குழுவினர் 2015-இல் அதையும் சோதித்தார்கள். அவர்கள் கொடுத்த பொய்களில் ஒன்று, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் 'சாரி' என்பது. சரியான பெயர் தெரிந்தவர்களிடம்கூட, திரும்பக் கேட்டபோது இதுபோன்ற பொய்களின் மதிப்பு ஏறியதாம். நம் வீட்டுப் பெண்களிடம் சோதித்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்!

நானும் சிக்கியிருக்கிறேன். நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறதே, அதை ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில், ரசம் வரும் நேரத்தில், நானே கம்பீரமாக அறிவித்தேன். எதிர் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நிமிர்ந்து, "எந்த வருசம் தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வருடம் தெரியவில்லை. அப்படி ஒரு அறிவிப்பே வந்ததில்லை என்று அன்று ராத்திரி தேடித் தெரிந்துகொண்டேன். நாலு குழுக்களில் நாற்பது முறை பார்த்திருந்ததே எனக்கு ஆதாரமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து எதைச் சொல்வதற்கு முன்னாலும் 'எந்த வருசம், யார் சொன்னது' என்று வாத்தியார் குரலில் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கேள்வியை ஒருநாள் வைகையிடமும் கேட்டேன். மாமா சொன்னது முக்கால்வாசிதான் சரி. வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் ஓடும் வைகையின் தண்ணீரை வழிநெடுகக் கால்வாய்களும் கண்மாய்களும் இழுத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், அதுவும் வயலுக்கே போய்விடுகிறது. மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுகிறது. இதுவரை மாமா சரி. ஆனால் வெள்ள காலத்தில் கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் நீரிணையில் கலக்கத்தான் செய்கிறது. ஊரின் பெயரே ஆற்றங்கரை. மாமா கேட்ட கேள்விக்கு ஒரு ஊர்ப்பெயர் பதிலாக இருந்திருக்கிறது! 'சேரவே சேராது' என்பதை இருபது வருடத்துக்கு மேல் சத்தியமாக நம்பி, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மண்பானை அவ்வளவு துல்லியமாக நினைவிருந்ததால், ஆற்றைப் பற்றியும் சந்தேகம் வரவில்லை.

போன மாதம் மாமாவோடு ஒத்தக்கடை போனபோது இதைச் சொன்னேன். வெள்ளம் வந்தால் வைகை கடலில் சேரும் மாமா, ஆற்றங்கரையில் போய்ச் சேரும் என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"சரி, கோபம் தணிஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் எதிரே படுத்திருந்த யானைமலையைக் கையால் காட்டினார். "பொறந்ததுலேர்ந்து இதைப் பார்க்கிறியே மருமகனே, இந்த யானை எந்தத் திசையப் பார்த்துப் படுத்திருக்கு?"

நான் கிழக்கு எது என்று வெயிலைப் பார்ப்பதற்குள், சாலையைத் தாண்டி டீக்கடைக்குள் போய்விட்டார்.